சரஸ்வதியிடம் மாட்டிக்கொண்ட ஐந்து மட்டைகள்

விஜயதசமி முடிந்து பதினோரு நாள் ஆகியும் எங்கள் வீட்டு சாமி அலமாரி ஓரத்தில் ஐந்து கோல்ஃப் மட்டைகள் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றன. காலையில் விளக்கேற்றக் குனிந்தால் அதில் ஒன்று தவறாமல் என் மண்டையில் ஒரு தட்டு தட்டும். எடுத்து அந்தண்டை வைக்க எனக்குக் கை இல்லையா என்று கேட்பீர்கள். கை இருக்கிறது. எடுக்கத்தான் முடியாது. ஏன் என்று சொல்வதானால் என் முட்டாள்தனத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும், சொல்லித் தொலைக்கிறேன்.

நாங்கள் டெல்லி லோதி ரோட்டில் அரசாங்கக் குடியிருப்பில் இருக்கிறோம். நான் ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர், என் கணவர் இன்னொரு அமைச்சகத்தில். இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். ஒரே பெண், பத்து வயது, டெல்லியில் பிறந்தவள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஏழு தலைமுறைக்கு யாரும் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. ஜூனில் மாடி வீட்டு அதிகாரிக்கு குவஹாத்திக்கு மாற்றல் வந்தது. லாரியில் சாமான் ஏற்றும்போது அவர் மனைவி ஒரு சின்னப் பையை எங்கள் வாசலில் வைத்து, "எங்க பையன் வளந்துட்டான், உங்க பொண்ணு விளையாடட்டும்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே சிறு பிள்ளைகளுக்கான ஐந்து மட்டைகள்.

அன்று சாயங்காலம் நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே பூங்காவில் என் மகள் ஒரு பிளாஸ்டிக் பந்தைப் புல்லில் வைத்து, மட்டையைத் தூக்கி, ஒரே வீசு. பந்து வேப்பமரத்தைத் தாண்டி பம்ப் ஹவுஸ் கூரையில் போய் விழுந்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சொல்ல வேண்டும். குக்கர் விசில் மாதிரி மெல்ல ஆரம்பித்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிடுகிற சிரிப்பு. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தொற்றிக்கொண்டு, கையிலிருந்த தலையணை உறை கீழே விழுந்தது.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். பிள்ளைக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று தெரிந்த மறுநிமிடமே அதற்கு எங்கே கிளாஸ் நடக்கிறது என்று விசாரிக்கிற கூட்டம் நாங்கள். பாட்டு பிடித்தால் பாட்டு கிளாஸ், கணக்கு பிடித்தால் கணக்கு டியூஷன், ஒன்றும் பிடிக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் டியூஷன். ஒரு வாரத்துக்குள் வாடகைக்குப் பந்து எடுத்து அடித்துப் பழகுகிற மைதானம் ஒன்றைக் கண்டுபிடித்து, அங்கே தனி வகுப்பு எடுக்கிற கோச்சையும் பிடித்துவிட்டேன்.

கோச் ஹரியானாக்காரர். சௌக்கியமா என்று கேட்டால்கூட சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும், ஆனால் தங்கமான மனிதர். என் மகள் பத்து பந்து அடிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னிடம், "மேடம்ஜி, பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை என்கிட்ட கூட்டிட்டு வாங்க. போதும். மத்த நாள் விளையாட விடுங்க" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லிக்கொடுக்கிறவரே வேண்டாம் என்கிறாரா? பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவதற்கு இது என்ன முடி வெட்டிக்கொள்கிற காரியமா? இதில் ஏதோ உள்விவகாரம் இருக்கிறது என்று தோன்றியது. பந்தை வைத்து அடிக்கிற பச்சை விரிப்பு பக்கத்தில் இன்னொன்று இருந்தது, அதில் ஒரு ஜாயின்ட் செக்ரட்டரியின் பையன் அடித்துக்கொண்டிருந்தான். சரிதான், அசல் பாடமெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைக்கு, நமக்கு மேலோட்டம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"அந்தப் பையன் எத்தனை தடவை வருவான்?"

"அவனும் பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான். ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தா அது உடம்புல உக்காரணும் மேடம்ஜி. அதுக்குள்ள இன்னொண்ணு சொன்னா முதல் விஷயம் எழுந்து ஓடிடும்."

"அச்சா அச்சா" என்று தலையாட்டிவிட்டு, வாரம் ஒரு வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அதை இரண்டாக்கினேன். அதற்கடுத்த மாதம் திங்கள், செவ்வாய், வியாழன். கோச் ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விட்டார். என் பிடிவாதத்தின் முன்னால் ஹரியானா என்ன செய்யும்?

அதோடாவது நின்றேனா? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு டியூஷன், டியூஷனில் புரியாததற்கு இன்னொரு டியூஷன் என்று வைப்போம் இல்லையா? அதே மாதிரி ஞாயிற்றுக்கிழமைக்கு டெல்லியின் அந்தக் கோடியிலிருக்கிற துவாரகாவில் இன்னொரு கோச்சை ஏற்பாடு செய்தேன். முதல் கோச்சுக்குத் தெரியாமல். முதலாமவர் மட்டையை இறுக்கிப் பிடிக்காதே, குருவியைப் பிடிக்கிற மாதிரி பிடி என்பார். துவாரகாக்காரர் இன்னும் இறுக்கிப் பிடி, நழுவுது என்பார். திங்கட்கிழமை குருவி, ஞாயிற்றுக்கிழமை கழுத்தைப் பிடித்த கோழி. குழந்தை என்ன செய்யும் பாவம்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் நான் ஒரு பதிவேடு வைத்தேன். பச்சை அட்டை, சிவப்பு முதுகு, ஆபீசில் இருப்பதைப் போலவே ஒன்று, காசு கொடுத்து வாங்கியது. வரிசை எண், தேதி, பிழை, கண்டுபிடித்தவர், எடுத்த நடவடிக்கை என்று கோடு போட்டு வைத்திருந்தேன். வகுப்பு நடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவேன். "இடது முழங்கை மடங்குகிறது. கண்டுபிடித்தவர்: அம்மா. நடவடிக்கை: நிலுவையில்." வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்து வாசிப்பேன். ஆகஸ்டு முடியும்போது நாற்பத்து மூன்று பிழைகள் நிலுவையில் இருந்தன. எனக்கோ ரொம்பப் பெருமை. இவ்வளவு பிழை கண்டுபிடிக்கிற தாய் இந்த டெல்லியில் வேறு யார் இருக்கிறாள்?

என் கணவர் ஒருநாள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டார், "நீ பிள்ளைய விளையாட விடுதியா, இல்ல அவ மேல ஃபைல் ஓட்டுதியா?"

"நீங்க சும்மா இருங்க. டிசம்பர்ல பதினொரு வயசுக்குக் கீழ போட்டி இருக்கு, பேரு குடுத்திருக்கேன்" என்றேன்.

"அவகிட்ட கேட்டியா?"

"அவகிட்ட என்ன கேக்க? அவ சின்னப் பிள்ள."

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. அவள் பந்தின் முன்னால் நின்றாள். நான் பெஞ்சிலிருந்து, "ஏட்டி, முட்டிய மடக்குட்டி. தலைய ஆட்டாத. அந்த முழங்கை, முழங்கை!" என்றேன். அவள் முட்டியை மடக்கினாள், தலையை விறைத்துக்கொண்டாள், முழங்கையைப் பார்த்தாள், பந்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள். மட்டை பந்துக்கு ஒரு ஜாண் பின்னால் தரையில் இடித்தது. அடுத்த வீச்சில் காற்றை அடித்தாள். அதற்கடுத்ததிலும் காற்றுதான்.

அப்போது அவள் திரும்பி, சத்தமே இல்லாமல், "அம்மா, பஸ் கரோ. ஒரு தடவ என்ன அடிக்க விடேன்" என்றாள்.

போதும் நிறுத்து என்று பெற்ற தாயிடம் இந்தியில் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பதிவேட்டில் நாற்பத்து நான்காவதாக, "எதிர்த்துப் பேசுகிறாள்" என்று எழுதினேன். அவள் கடைசியாக எப்போது அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் என்று அன்றைக்கு எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ஜூனுக்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவே இல்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அதற்குக் கறாரான வழக்கம் ஒன்று உண்டு. அவரவர் புத்தகத்தை, பேனாவை, கருவியை அவரவரே கொண்டுவந்து சாமி முன்னால் வைக்க வேண்டும். அன்று முழுவதும் யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை செய்து, வைத்த கையாலேயே எடுத்து, கொஞ்சமாவது பயன்படுத்திவிட்டு வைக்க வேண்டும். வைத்தவர் தவிர இன்னொருவர் எடுத்தால் ஆகாது. இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. ஒரு வருஷம் என் கணவர் பூஜையில் பேனாவை வைத்துவிட்டு அன்றிரவே டூர் போய்விட்டார். திரும்பிவர ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் நான் அந்தப் பேனாவைத் தொடவில்லை, மற்றவர்களையும் தொடவிடவில்லை. எல்லோருக்கும் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வேன். மகளுக்கும் சொல்லியிருக்கிறேன், அதுதான் வினை.

இந்த வருஷம் பூஜைக்கு அவள் பாடப்புத்தகங்களை வைத்தாள். பிறகு நான் சொல்லாமலே ஐந்து மட்டைகளையும் கொண்டுவந்து துடைத்துச் சாய்த்து வைத்தாள். கையுறையை மடித்து வைத்தாள். உள்ளே போய் என் பதிவேட்டையும் எடுத்துவந்து இரண்டு கையாலும் பிடித்து, சாமி படத்துக்கு நேர் முன்னால் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தீர்களா பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று கணவரிடம் சொன்னேன். அவர் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, "ம்ம், பக்திதான்" என்றார். அந்த 'ம்ம்' எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை மறுபூஜை. கற்பூரம் காட்டியாயிற்று. அவள் பாடப்புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசித்தாள். மூடினாள். எழுந்து போய் டிவியைப் போட்டாள்.

"ஏட்டி, மட்டைய யாரு எடுப்பா?"

"நான்தான் எடுக்கணும்."

"அப்ப எடு. சாயங்காலம் கிளாஸ் இருக்குல்லா."

"நான் வெச்சது. நான்தான் எடுக்கணும். அபி எடுக்க மாட்டேன்."

இப்போது எடுக்க மாட்டாளாம். "பின்ன எப்ப எடுப்ப?"

"தெரியாது. அப்பா பேனா அஞ்சு நாள் இருந்துச்சே?"

என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார். கெஞ்சினேன், மிரட்டினேன், சாக்லேட் காட்டினேன். அவள் அசையவில்லை. நானே எடுத்திருக்கலாம்தான். ஆனால் இத்தனை வருஷம் ஊருக்கே சட்டம் பேசிவிட்டு, ஒரு மட்டைக்காக அதை மீறினால் அப்புறம் அந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்பார்கள்? இப்படியாக அந்த ஐந்து மட்டைகளும் சரஸ்வதி காவலில் மாட்டிக்கொண்டன.

பாளையங்கோட்டையில் இருக்கிற அக்காவுக்கு போன் செய்தேன். அவள் ஐந்து நிமிஷம் சிரித்தாள். சிரித்து முடித்து, "ஏட்டி, உனக்கு ஏத்த பிள்ளதான் பெத்திருக்க. நல்லா வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கோயிலுக்குப் போய் குருக்களிடம் கேட்டேன்.

"சாமி, பூஜையில பிள்ள வெச்ச பொருள நாம எடுக்கலாமா?"

"என்ன பொருள்மா? வீணையா?"

"கோல்ஃப் மட்டை."

குருக்கள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதப் பத்தி சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார். பின்னால் வரிசையில் நின்ற மாமி ஒருவர், "மட்டையில எட்டாம் நம்பரா, ஒன்பதாம் நம்பரா?" என்று கேட்டார். நக்கலா அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் எட்டு நாள் ஓடிவிட்டது. துவாரகாக்காரரிடம் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். ஹரியானாக்காரரிடம் பொய் சொல்லவில்லை. முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் போனில் சத்தமாகச் சிரித்தார். "உங்க பொண்ணு கெட்டிக்காரி மேடம்ஜி. நான் நாலு மாசமா சொன்னத உங்க சரஸ்வதி தேவி ஒரே நாள்ல சொல்லிட்டாங்க. சரி, பதிவு செஞ்ச வகுப்பு நேரம் வீணாகுது. நீங்க வாங்களேன். நீங்க கத்துக்கோங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்தால் என்ன? நாலு மாதம் பெஞ்சில் உட்கார்ந்து நாற்பத்து நாலு பிழை கண்டுபிடித்தவளுக்கு ஒரு பந்தை அடிக்கத் தெரியாதா? பதினோராம் நாள் சாயங்காலம் சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாக்கிங் போகிற ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் யாரும் இல்லாததால் மகளையும் கூட்டிப்போனேன். அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். என் இடத்தில். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பென்சிலைச் சீவினாள்.

கோச் ஒரு பெரிய மட்டையைக் கொடுத்தார். "உங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கணும் மேடம்ஜி? என் வழியிலயா, உங்க வழியிலயா?"

"பிள்ளைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றேன், வீராப்பாக.

சொன்னார். முட்டி, இடுப்பு, தோள், பிடி, தலை, கண், மூச்சு. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று நழுவியது. சேலைக்கு மடிப்பு வைக்கும்போது பக்கத்தில் நாலு பேர் நின்று யோசனை சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. வீசினேன். காற்று. மறுபடி காற்று. மூன்றாவது வீச்சில் பந்துக்குப் பதிலாக அதை வைத்திருந்த ரப்பர் குழாய் பிய்த்துக்கொண்டு பறந்தது. நாலாவதில் நானே அரைவட்டம் சுற்றி, ஜாயின்ட் செக்ரட்டரியின் பையனுக்கு நேராகப் போய் நின்றேன். அவன், "நமஸ்தே ஆன்ட்டி" என்றான்.

பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "முழங்கை மடங்குது."

வீசினேன்.

"தலைய ஆட்டாத."

வீசினேன்.

"அம்மா, முட்டி. முட்டி! பாதம் தப்பு. அப்புறம் நீ நாக்கைக் கடிக்கற."

எனக்கு வியர்த்து ஊற்றியது. கை எரிந்தது. நான் மட்டையைத் தரையில் ஒரு குத்துக் குத்தி, மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்: "வாய மூடுட்டி! ஒரு தடவையாவது என்ன அடிக்க விடு!"

சொல்லிமுடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. செப்டம்பரில் அவள் சொன்ன அதே வார்த்தை. அவள் சத்தமில்லாமல் சொன்னாள், நான் ஊர் கேட்கச் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கோச் தன் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்து வயதுப் பிள்ளையை வாரத்துக்கு நாலு நாள் நான் இப்படியா நிற்க வைத்தேன்?

நானாகத் திரும்பி, முட்டியை மறந்து, முழங்கையை மறந்து, துவைக்கிற கல்லில் போர்வையை அடிக்கிற மாதிரி ஒரு வீசு வீசினேன். 'டக்' என்று ஒரு சத்தம். பந்து ரொம்ப தூரமெல்லாம் போகவில்லை, இங்கேயிருந்து பால் பூத் வரைக்கும் இருக்கும். ஆனால் போயிற்று. நேராகப் போயிற்று! எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்க முடியவில்லை. பச்சை விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் குக்கர் விசில் கேட்டது. திரும்பினேன். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து கீழே சரிந்துகொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது, "மன்னிச்சிருட்டி" என்றேன். அவள், "டீக் ஹே" என்று சரி சொல்லித் தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "நீ நெஜமாவே நாக்கைக் கடிக்கற" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே கை கால் கழுவினாள். அவளே கற்பூரம் ஏற்றினாள். பதினோரு நாள் தாமதமான மறுபூஜை. ஐந்து மட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, குங்குமத்தைத் துடைக்காமலே பையில் போட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டாள். பிளாஸ்டிக் பந்தோடு படியில் இறங்கிப் பூங்காவுக்கு ஓடினாள். நான் பால்கனிக்குப் போகவில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

இப்போது அவளுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு வகுப்பு. மற்ற நாள் பூங்கா. டிசம்பர் போட்டிக்குப் போகலாமா என்று அவளிடம் கேட்டேன். போனாள், கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தாள், நாள் முழுக்கச் சிரித்தாள். மீதமிருந்த வகுப்புகளுக்கு நான்தான் போகிறேன். என்னையும் கோச் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்கிறார். அதில் மட்டும் ஏதோ உள்விவகாரம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

அன்றைக்கு அவள் ஓடிய பிறகு விளக்கைச் சரிசெய்யக் குனிந்தேன். மண்டையில் எதுவும் தட்டவில்லை. மட்டைகள் போயிருந்தன, சாமி படத்துக்கு நேர் முன்னால் என் பச்சைப் பதிவேடு மட்டும் அப்படியே இருந்தது. கை அதை நோக்கித் தானாகப் போயிற்று, பாதியில் நின்றது. வைத்தது அவள் கை. இன்றுவரை அவள் அதை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.